நடுராத்திரியில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால்

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். வயது 61. வாரத்தில் மூன்று நான்கு நாள் ராத்திரி இரண்டு மணி, மூன்று மணிக்குக் கெண்டைச்சதை கல் மாதிரி இறுகி அலறிக்கொண்டு எழுந்திருக்கிறீர்கள், மறுநாள் முழுக்க அடித்துப் போட்டதுபோல் கால் வலிக்கிறது, இரண்டு மாதமாக மக்னீசியம் மாத்திரை போட்டும் பெரிதாக எதுவும் மாறவில்லை, அப்படியானால் உடம்பில் வேறு எந்தச் சத்து குறைகிறது, எதைச் சாப்பிட்டால் இது நிற்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். நடுவில் பிரஷர் மாத்திரையை மாற்றியது பற்றி ஒரு வரி போகிறபோக்கில் வருகிறது. கடைசியில் "படுக்கப் போகவே பயமாக இருக்கிறது" என்று முடித்திருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. சத்துக் குறைவு பற்றிய கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருப்பதாகப் படுகிறது. பிடித்த அந்த நிமிடத்தில் என்ன செய்வது, மறுபடி வராமல் இருக்க என்ன செய்வது, இது ஏதாவது பெரிய நோயின் தொடக்கமா.

நான் பிசியோதெரபிஸ்ட், இருபது வருடத்துக்கு மேலாக இதே வேலை. முட்டி வலி, இடுப்பு வலி என்று வருகிற பெரியவர்களிடம் "ராத்திரி கால் பிடிக்குமா?" என்று நானாகக் கேட்டால் எத்தனையோ பேர் ஆமாம் என்பார்கள், கேட்காவிட்டால் சொல்ல மாட்டார்கள், வயசானால் இப்படித்தான் என்று விட்டுவிடுகிறார்கள். தசையையும் அசைவையும் பற்றி நான் சொல்வது படிப்பிலிருந்தும் கைப்பழக்கத்திலிருந்தும் வருவது. மருந்து எழுதித் தருவதும் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து நோய் என்னவென்று சொல்வதும் என் வேலை இல்லை. அதனால் மருந்து பற்றிக் கீழே வருவதையெல்லாம் உங்கள் டாக்டரிடம் எடுத்துப் பேசுவதற்கான விஷயமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இன்று ராத்திரிக்கே தேவைப்படக்கூடியது. பிடித்தவுடன் எல்லோரும் செய்வது முழங்காலை மடக்கி, காலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சதையை அமுக்குவது. வலியில் உடம்பு தானாகவே அப்படித்தான் சுருளும், ஆனால் அது அவ்வளவாக உதவாது, ஏனென்றால் கெண்டைச்சதையின் மேல் பகுதி முழங்காலுக்கு மேலே தொடை எலும்பிலிருந்து தொடங்குகிறது, முழங்காலை மடக்கினால் அந்தத் தசை இன்னும் குறுகித்தான் போகும். செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர். முழங்காலை நீட்டுங்கள், கால் விரல்களை முகத்தை நோக்கி மடக்குங்கள். கை எட்டினால் பாதத்தின் முன்பகுதியைப் பிடித்து மெதுவாக இழுங்கள். எட்டாவிட்டால் ஒரு துண்டைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுங்கள், அதைப் பாதத்தில் மாட்டி இரண்டு முனைகளையும் பிடித்து இழுத்தால் போதும். வெடுக்கென்று இழுக்கக் கூடாது. இறுகிக் கிடக்கிற தசையைத் திடீரென்று இழுத்தால் நார்கள் காயப்பட்டு, பிடிப்பு விட்ட பிறகும் நாட்கணக்கில் வலிக்கும். இழுத்த நிலையிலேயே அரை நிமிடம், ஒரு நிமிடம் இருங்கள், இறுக்கம் படிப்படியாகக் கரைவது உங்களுக்கே தெரியும். கூடவே காலின் முன்பக்கத் தசையைக் கொண்டு நீங்களாகவே பாதத்தை மேலே தூக்க முயற்சி செய்யுங்கள், ஒரு பக்கத் தசை வேலை செய்யும்போது எதிர்ப்பக்கத் தசையைத் தளரச் சொல்லித் தண்டுவடமே உத்தரவு கொடுக்கிறது, அது நம் பக்கம் இருக்கட்டும்.

எழுந்து நிற்க முடிந்தால் இன்னும் நல்லது. தரையில் குதிகாலை அழுத்தி ஊன்றி நின்றாலே கெண்டைச்சதை நீண்டுவிடும், பல பேருக்கு இதுதான் மிக வேகமாகக் கேட்கிறது. ஆனால் ஒன்று, தூக்கக் கலக்கத்தில், இருட்டில், ஒரு கால் இறுகிய நிலையில் கட்டிலிலிருந்து குதித்து இறங்கி விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், ஒருவருக்கு மணிக்கட்டு எலும்பே முறிந்துவிட்டது. உங்கள் வயதில் பிடிப்பை விட விழுவதுதான் ஆபத்து. ஆகவே விளக்கு கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், முதலில் கட்டில் ஓரத்தில் உட்காருங்கள், இரண்டு பாதமும் தரையில் படட்டும், சுவரையோ கட்டில் தலைப்பையோ பிடித்துக்கொண்டு அப்புறம் எழுந்திருங்கள். பிடிப்பு விட்ட பிறகு சதையை மேல்நோக்கி மென்மையாகத் தடவிக் கொடுக்கலாம், வெந்நீர் ஒத்தடம் வைக்கலாம், இரண்டு நிமிடம் அறைக்குள்ளேயே நடக்கலாம். உடனே திரும்பப் படுத்தால் சிலருக்கு அதே இடத்தில் மறுபடி பிடிக்கும். தொடையின் பின்பக்கம் பிடித்தாலும் முழங்காலை நீட்டுவதுதான் வழி. பாதத்தின் அடியில் பிடித்து விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டால் விரல்களை மேல்நோக்கி மடக்கிப் பிடியுங்கள், அல்லது எழுந்து பாதத்தைத் தட்டையாக ஊன்றி நில்லுங்கள்.

சரி, இது ஏன் வருகிறது? "நரம்பு சுருட்டிக்கொண்டது", "நரம்பு ஏறிக்கொண்டது" என்றுதான் நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். தொட்டுப் பார்க்கும்போது கயிறு மாதிரி, உருண்டை மாதிரி தட்டுப்படுவது நரம்பு இல்லை, இறுகிய தசை. ஆனாலும் நரம்பு என்று சொல்வதில் ஒரு உண்மை இருக்கிறது. பிடிப்பு வரும் நேரத்தில் தசையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்து பார்த்தால், அந்தத் தசைக்குக் கட்டளை அனுப்பும் இயக்க நரம்புகள் கட்டுப்பாடில்லாமல் மிக வேகமாகத் துடிப்பது தெரிகிறது. அதாவது தசை தானாகக் கெட்டுப்போய் இறுகுவதில்லை, இறுகு இறுகு என்று நரம்பு விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. இதுவரை தெளிவாகத் தெரிந்த விஷயம். அந்த நரம்பு ஏன் அப்படிக் கிளர்ச்சி அடைகிறது, அதுவும் ஏன் ராத்திரியில், என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு, எதுவும் முழுமையாக நிரூபிக்கப்படவில்லை. எனக்கு மிகப் பொருத்தமாகத் தோன்றுவது தசையின் நீளத்தை வைத்துச் சொல்லப்படும் விளக்கம். மல்லாந்து படுத்தால் போர்வையின் எடை பாதத்தைக் கீழே தள்ளுகிறது, குப்புறப் படுத்தால் மெத்தையே தள்ளுகிறது, இரண்டிலும் பாதம் நடனமாடுகிறவர்கள் நுனிவிரலில் நிற்பதைப்போல் நீண்டு கிடக்கிறது. கெண்டைச்சதை அப்போது எவ்வளவு குறுக முடியுமோ அவ்வளவு குறுகியே இருக்கிறது. ஏற்கெனவே குறுகிய தசைக்கு ஒரு சின்னக் கட்டளை வந்தாலும் அது இறுகி முடிச்சாகிவிடும், ஏனென்றால் தசை நீளும்போது தசைநாணில் இருக்கும் உணர்விகள் நரம்புக்கு அனுப்பும் "போதும், விடு" என்ற செய்தி அங்கே கிடைப்பதில்லை. நீட்டினால் பிடிப்பு ஏன் விடுகிறது என்பதற்கும் இதே விளக்கம் ஒத்துப்போகிறது. விடியற்காலையில் படுத்தபடியே காலை நீட்டிச் சோம்பல் முறிக்கும்போது பலருக்கு வெடுக்கென்று பிடிப்பதையும் கவனித்திருப்பீர்கள். சோம்பல் முறியுங்கள், ஆனால் விரல்களைக் கீழே நீட்டாமல் குதிகாலை முன்னால் தள்ளி முறியுங்கள். இந்த ஒரு மாற்றத்துக்கே நன்றி சொன்னவர்கள் உண்டு.

வயது ஏறும்போது இது கூடுவதும் புரிந்துகொள்ளக் கூடியதுதான். தசைநாண்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகி விறைக்கின்றன, கால் தசைகளை இயக்கும் நரம்பணுக்களின் எண்ணிக்கை குறைகிறது, பகலில் கணுக்காலை முழு வீச்சுக்கு மடக்குகிற வேலைகள் நின்றுபோகின்றன. ஐம்பதைத் தாண்டியவர்களில் மிகப் பெரிய பங்கினருக்கு எப்போதாவது வருகிற ஒன்று இது. உங்களுக்கு மட்டும் ஏதோ ஆகிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

இப்போது நீங்கள் கேட்ட சத்து விஷயம். பெரும்பாலானவர்களுக்கு இது சத்துக் குறைவால் வருவதில்லை, ராத்திரி கால் பிடிக்கிறவர்களின் ரத்தத்தைப் பரிசோதித்தால் பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம் எல்லாம் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கின்றன. மக்னீசியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. இஸ்ரேலில் நடந்து 2017-இல் வெளியான ஒன்றை நான் அடிக்கடி எடுத்துச் சொல்வேன், ஏனென்றால் அதில் நம் எல்லோருக்கும் ஒரு பாடம் இருக்கிறது. ராத்திரி கால் பிடிக்கும் 94 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மக்னீசியம் ஆக்சைடும் இன்னொரு பாதிக்கு அதே தோற்றத்தில் மருந்தில்லாத வெறும் மாத்திரையும் நான்கு வாரம் கொடுத்தார்கள். மக்னீசியம் சாப்பிட்டவர்களுக்கு வாரத்துக்கு ஏறக்குறைய 7.8 முறை வந்தது 4.4 ஆகக் குறைந்தது. நல்ல பலன் என்று தோன்றும். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கோ 8.5 என்பது 5.5 ஆகக் குறைந்தது. அதாவது இரண்டு பக்கமும் வாரத்துக்கு மூன்று முறை போலக் குறைந்திருக்கிறது, மக்னீசியத்துக்கு என்று தனிப் பெருமை எதுவும் இல்லை. இதுபோன்ற ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வுக் குழுவின் 2020 தொகுப்பும், வயதானவர்களுக்கு மக்னீசியம் குறிப்பிடத்தக்க பலன் தருவது சந்தேகம் என்றே முடிக்கிறது.

மருந்தே இல்லாதவர்களுக்கும் ஏன் குறைந்தது? இந்தப் பிடிப்பு அலை மாதிரி வரும், போகும். ரொம்ப மோசமாக இருக்கும்போதுதான் நாம் ஏதாவது மாத்திரை தேடுவோம், அந்த உச்சத்துக்குப் பிறகு எதுவும் செய்யாவிட்டாலும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், அந்த இறக்கத்தின் பெயர் நாம் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்த பொருளுக்குப் போய்விடும். "இதைச் சாப்பிட்டேன், நின்றுவிட்டது" என்று உங்களிடம் பத்துப் பேர் பத்துப் பொருளைச் சொன்னால் பத்துப் பேரும் பொய் சொல்லவில்லை, அவர்களுக்கு நின்றது உண்மை, எதனால் நின்றது என்பதில்தான் தவறு. பொட்டாசியம் நிறைந்த பழங்கள் சாப்பிடச் சொல்வதும் இதே வகைதான். பழம் சாப்பிடுவதில் கெடுதல் இல்லை, ஆனால் சிறுநீரகம் பலவீனமானவர்கள் பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் தாங்களாகக் கூட்டிக்கொள்வது ஆபத்து, வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் தேங்கி இதயத்தைப் பாதிக்கும். ஆகவே இரண்டு மாதம் போட்டும் பலனில்லாத மக்னீசியத்தைத் தொடரத்தான் வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். உண்மையான குறைபாடு இருப்பவர்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. பல நாள் வாந்திபேதி, கொட்டும் வியர்வையில் வேலை, டயாலிசிஸ், தைராய்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு கால்சியம் இறங்குவது, சில நீர் மாத்திரைகள், இப்படி ஒரு காரணம் கண்ணுக்குத் தெரிந்தால் ரத்தப் பரிசோதனைக்கு அர்த்தம் இருக்கிறது. கர்ப்பத்தின் பிற்பாதியில் வருவது தனிக் கதை, அது மிகச் சாதாரணம், பெரும்பாலும் பிரசவத்தோடு போய்விடும், அதற்கு மக்னீசியம் பற்றிய முடிவுகள் முன்னுக்குப் பின் முரணாக இருக்கின்றன.

அப்படியானால் தடுக்க என்ன செய்வது? படுக்கப் போகும் முன் தசையை நீட்டும் பயிற்சி. என் வேலை என்பதால் இதை உயர்த்திச் சொல்கிறேன் என்று நினைக்கலாம், அதனால் எதிர்த்தரப்பையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். நெதர்லாந்தில் நடந்து 2012-இல் வெளியான ஒரு ஆய்வில் 55 வயதைத் தாண்டிய 80 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு குழு ஆறு வாரம் தினமும் படுக்கும் முன் கெண்டைச்சதையையும் தொடையின் பின்பக்கத் தசையையும் நீட்டும் பயிற்சி செய்தது, மற்றக் குழு எதுவும் செய்யவில்லை. பயிற்சி செய்தவர்களுக்குப் பிடிப்பும் குறைந்தது, வலியின் கடுமையும் குறைந்தது. அதற்கு முன் 2005-இல் பிரிட்டனில், கால் பிடிப்புக்காக ஏற்கெனவே குவினைன் என்ற மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த 191 முதியவர்களை வைத்து நடந்த ஆய்வில் கெண்டைச்சதை நீட்டலால் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. இரண்டும் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை, ஒரே பயிற்சியும் இல்லை, நெதர்லாந்து ஆய்விலோ தாங்கள் எந்தக் குழு என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் அந்த நல்ல முடிவிலும் நம்பிக்கையின் பங்கு கொஞ்சம் இருந்திருக்கலாம். ஆகவே நிச்சயம் நிற்கும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. மூன்று நான்கு நிமிட வேலை, செலவில்லை, கெடுதல் இல்லை, என்னிடம் வந்து விடாமல் செய்தவர்களில் பலருக்குக் குறைந்திருக்கிறது, சிலருக்கு ஒன்றும் ஆகவில்லை. இதைத்தான் என்னால் நேர்மையாகச் சொல்ல முடியும்.

செய்யும் முறை இது. சுவரைப் பார்த்து இரண்டடி தள்ளி நில்லுங்கள், இரண்டு உள்ளங்கையும் சுவரில் மார்பு உயரத்தில் இருக்கட்டும். ஒரு காலைப் பின்னால் வைத்து, பின்காலின் முழங்காலை நேராக வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் இடுப்பைச் சுவர்ப் பக்கம் கொண்டுபோங்கள். கெண்டையில் இழுவை தெரிய வேண்டும், வலி தெரியக் கூடாது. இருபது முப்பது எண்ணும் வரை இருந்து விடுங்கள், மூன்று முறை, இரண்டு காலுக்கும். அடுத்து அதே நிலையில் பின்காலின் முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, குதிகால் தரையிலேயே இருக்க, மறுபடி மூன்று முறை. மடக்கும்போது அடியில் இருக்கும் இன்னொரு தசை நீள்கிறது, பெரும்பாலானவர்கள் இந்த இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். பாதம் நேராக முன்னே பார்க்க வேண்டும், வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் செய்தும் பலன் குறைவு. கடைசியாகக் கட்டிலில் உட்கார்ந்து ஒரு காலை நீட்டி, விரல்களை உங்கள் பக்கம் மடக்கி, முதுகைக் கூனாமல் இடுப்பிலிருந்து முன்னே சாயுங்கள், தொடையின் பின்பக்கம் இழுக்கும். நிற்கத் தடுமாற்றம் உள்ளவர்கள் எல்லாவற்றையும் உட்கார்ந்தே துண்டு வைத்துச் செய்யலாம். மூன்றே நாளில் பலனை எதிர்பார்க்காதீர்கள், அந்த ஆய்விலேயே ஆறு வாரம் ஆயிற்று. நான்காவது நாளில் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம், அவர்களிடம் எனக்கு வருத்தம் உண்டு.

படுக்கும் நிலையையும் மாற்றிப் பாருங்கள். இதற்கென்று பெரிய ஆய்வுகள் கிடையாது, மேலே சொன்ன தசை நீள விளக்கத்திலிருந்து வரும் யோசனைகள்தான், ஆனால் செய்து பார்ப்பதில் இழப்பு எதுவுமில்லை. மல்லாந்து படுப்பீர்கள் என்றால் கால்மாட்டில் போர்வையை மெத்தைக்கு அடியில் செருகாமல் தளர விடுங்கள், பாதம் கீழே சாயாமல் நிமிர்ந்து நிற்கும்படி கெட்டியான தலையணை ஒன்றைக் கால்மாட்டில் வைத்துப் பாருங்கள். குப்புறப் படுப்பீர்கள் என்றால் பாதங்கள் மெத்தையின் விளிம்பைத் தாண்டித் தொங்கட்டும். பகலில் நாற்காலியிலேயே இருக்கும் நாட்களில் மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். நெடுநேரம் கல்தரையில் நின்ற நாள், பழக்கமில்லாமல் அதிகம் நடந்த நாள், அன்று ராத்திரி வந்ததா என்று கவனியுங்கள், பலருக்கு அந்தத் தொடர்பு இருக்கிறது. தண்ணீர் போதுமான அளவு குடியுங்கள், ஆனால் தண்ணீர் குறைவுதான் காரணம் என்ற பரவலான நம்பிக்கைக்கு ராத்திரிப் பிடிப்பு விஷயத்தில் உறுதியான ஆதாரம் இல்லை, படுக்கும் முன் சொம்பு நிறையக் குடித்துவிட்டு மூன்று முறை எழுந்து போவதுதான் மிச்சம். வெயில் காலத்தில் கூடுகிறது என்பதில் மட்டும் உண்மை இருக்கிறது, கனடாவில் மருந்துச் சீட்டுகளை வைத்துப் பார்த்தபோது கோடையின் நடுவில் இது உச்சத்துக்குப் போய்க் குளிர்காலத்தில் இறங்கியது. ஏன் என்பதற்கு உறுதியான விடை இல்லை.

மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாக. குவினைன் ஒன்றுதான் நீண்ட காலமாகக் கொடுக்கப்பட்டு வந்தது, அது வேலையும் செய்கிறது, பிடிப்பின் எண்ணிக்கையை இரண்டு வாரத்தில் கால் பங்குக்குச் சற்று மேல் குறைக்கிறது. ஆனால் சிலருக்கு ரத்தம் உறைய உதவும் ரத்தத்தட்டுகள் திடீரென்று குறைந்து உயிருக்கே ஆபத்தாகும், இதயத் துடிப்பு தாறுமாறாகும், காதில் இரைச்சல் வரும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1990-களில் கால் பிடிப்புக்காக இதைச் சீட்டில்லாமல் விற்பதை நிறுத்தியது, 2006-இல் அனுமதி பெறாத குவினைன் மாத்திரைகளையும் சந்தையிலிருந்து அகற்றச் சொன்னது. வேறு சில நாடுகளில் எதுவும் பலிக்காதபோது கடைசி வழியாக, கண்காணிப்போடு கொடுக்கிறார்கள். பழைய நண்பர் யாராவது மிச்சம் இருக்கிறது என்று நீட்டினால் தயவுசெய்து வாங்காதீர்கள். வைட்டமின் பி கூட்டு மாத்திரைக்கு மிகச் சிறிய ஆய்வு ஒன்றில் நல்ல பலன் தெரிந்தது, அவ்வளவுதான் ஆதாரம். 2024-இல் சீனாவில் 65 வயதைத் தாண்டிய 199 பேரை வைத்து எட்டு வாரம் நடந்த ஆய்வில் வைட்டமின் கே2 சாப்பிட்டவர்களுக்கு வாரத்துக்கு 2.6 முறை வந்தது ஒன்றுக்கும் கீழே இறங்கியது. நம்பிக்கை தருகிற செய்திதான், ஆனால் ஒரே ஆய்வு, வேறு இடங்களில் திரும்பச் செய்து பார்க்கும் வரை பொறுத்திருப்பது நல்லது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைத் தொடவே கூடாது, அந்த மருந்தின் வேலையையே இது கெடுத்துவிடும்.

இது பெரிய நோயா என்ற உங்கள் பயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு இருப்பது திடீரென்று வந்து, சதை கல்லாகி, சில நிமிடத்தில் விட்டு, அப்புறம் ஓரிரு நாள் வெறும் வலி மட்டும் தங்குகிறது என்றால் அது சாதாரண ராத்திரிப் பிடிப்புதான். வேறு சில தொல்லைகள் இதே பெயரில் ஒளிந்துகொள்ளும். படுத்தவுடன் கால்களை ஆட்டாமல் இருக்க முடியாத ஒரு குறுகுறுப்பு, எழுந்து நடந்தால் சரியாகிறது, சதை இறுகுவதே இல்லை என்றால் அது அமைதியற்ற கால் எனப்படும் வேறு பிரச்சினை, அதில் இரும்புச் சத்தைப் பரிசோதிப்பது முக்கியம். எரிச்சல், ஊசி குத்தல், மரத்துப்போதல் என்றால் நரம்புப் பாதிப்பு, சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சகஜம். குறிப்பிட்ட தூரம் நடந்ததும் கெண்டை வலித்து, நின்றால் விடுகிறது, அல்லது ராத்திரியில் பாதம் வலித்துக் காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால்தான் ஆறுகிறது என்றால் ரத்தக் குழாய் அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும், புகைபிடிக்கிறவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, சிவந்து, வலி விடாமல் நிற்கிறது என்றால் அது ரத்தக்கட்டாக இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், அந்தக் காலை அமுக்கித் தேய்க்காதீர்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சு வலியோ சேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. பிடிப்போடு கால் பலம் குறைவது, சதை மெலிவது, கைகளிலும் முதுகிலும் பிடிப்பு வருவது, பகலிலும் தசைகள் தானாகத் துடித்துக்கொண்டே இருப்பது, இவை நரம்பியல் டாக்டர் பார்க்க வேண்டியவை. நீங்கள் எழுதியதில் இவற்றில் எதுவும் இல்லை. ஆனால் ஒருவர் எழுதியதைப் படிப்பது காலைத் தொட்டுப் பார்ப்பதற்கு ஈடாகாது, அதனால் ஒருமுறை நேரில் காட்டிவிடுங்கள்.

கடைசியாக அந்தப் பிரஷர் மாத்திரை. உங்கள் கேள்வியில் எனக்கு மிக முக்கியமாகப் பட்ட வரி அதுதான். பிரஷருக்குக் கொடுக்கும் மாத்திரைகள் சிலவற்றில் நீர் பிரிக்கும் மருந்தும் சேர்ந்திருக்கும். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் ஒரு பெயர் இருக்கும், கீழே சின்ன எழுத்தில் இரண்டாவதாக ஹைட்ரோகுளோரோதையசைடு, குளோர்தாலிடோன், இண்டபமைடு என்று ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்து மருந்துப் பதிவுகளை ஆராய்ந்து 2012-இல் வெளியான ஆய்வில், நீர் மாத்திரை வகைகள் சிலவற்றைத் தொடங்கியவர்களுக்கும், ஆஸ்துமாவுக்கு நீண்ட நேரம் வேலை செய்யும் இன்ஹேலர் தொடங்கியவர்களுக்கும் அதன் பிறகு கால் பிடிப்புக்கு மருந்து கேட்பது கூடியிருந்தது. கொலஸ்ட்ரால் மாத்திரைக்கு அந்தத் தொடர்பு மிகச் சிறிய அளவில்தான் தெரிந்தது. ஆகவே மாத்திரை மாறிய தேதியையும், பிடிப்பு அடிக்கடி வரத் தொடங்கிய காலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பிடிப்பு முன்பே இருந்திருந்தால் மாத்திரைக்கு இதில் பங்கில்லை என்று நினைக்க வேண்டாம், அது கூட்டியிருக்கவும் வாய்ப்புண்டு. மாத்திரைக்குப் பிறகுதான் என்றால் நீங்களாக நிறுத்த வேண்டாம், பிரஷர் எகிறினால் கால் பிடிப்பை விடப் பல மடங்கு கெடுதல். இன்றிலிருந்து இரண்டு வாரம், எந்த ராத்திரி, எத்தனை மணிக்கு, எந்தக் கால், எத்தனை நிமிடம் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு, சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் பெட்டியோடு ஒரு பையில் போட்டு, பிரஷர் பார்க்கும் டாக்டரிடம் கொண்டுபோய் "இதை மாற்றிக் கொடுக்க வழி இருக்கிறதா, உப்புச் சத்துக்களைப் பரிசோதிக்க வேண்டுமா?" என்று கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்பதை முடிந்தால் இங்கே எழுதுங்கள், நீட்டல் பயிற்சியில் எந்த இடத்தில் இழுவை தெரியவில்லை என்று சொன்னால் அதையும் சரிசெய்து சொல்கிறேன்.